காலணிக்குள் ஒரு தென்றல்

(விடுதி ஹாக்கி அணியின் சார்பில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

"பதறாத காரியம் சிதறாது" என்பது பழமொழி. ஆறாம் வகுப்பிலேயே இதைக் கட்டுரை ஏட்டில் எழுதி, பொருளும் விளக்கி, மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும் அதன் உண்மைப் பொருளை எங்களுக்குக் கற்பித்தது இவ்வாண்டு ஒரு ஜோடி காலணிதான். அந்தக் கதையையும், அதிலிருந்து பிறந்த ஓர் எளிய கருவியையும் பற்றி இங்கே எழுதுகிறோம்.

நம் குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தை நனைத்துக் கொண்டிருக்கும்போது நாம் ஓரளவு தப்பித்துக் கொள்கிறோம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழை நம்மைத் தேடி வருவது. ஹாக்கிப் போட்டிகளும் அந்த மாதங்களில்தான் நெருங்கி வருகின்றன. மழை நின்ற அரை மணி நேரத்தில் மைதானத்தில் இறங்கி, சேறும் சகதியுமாகத் திரும்பி வருவோம். பாவாடை, சட்டைகளைத் துவைத்துப் பிழிந்து காயப்போடலாம். காலணியைப் பிழிய முடியுமா? கோல்கீப்பரின் பஞ்சு வைத்த கையுறையைத்தான் பிழிய முடியுமா? மூன்று நாள் ஆனாலும் உள்ளே ஈரம் இருக்கும். நான்காம் நாள் வாடை வரும். அதையே மீண்டும் மாட்டிக்கொண்டு ஓடினால் குதிகாலில் கொப்புளமும் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் வந்து சேரும்.

நாங்கள் செய்த தவறு

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி. வெள்ளி மாலைப் பயிற்சியின்போது நல்ல மழை. எங்கள் கோல்கீப்பரின் காலணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. (பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வாள், ஆகவே கோல்கீப்பர் என்றே எழுதுகிறோம்.) அவள் அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கொழுந்து அதிகம் வரும் பருவத்தில் இரண்டு மாதம் ஓவர்டைம் பார்த்து, அந்தப் பணத்தில் வாங்கிக் கொடுத்த காலணி அது.

அவள் தூங்கிவிட்டாள். விடியற்காலை ஐந்து மணிக்கு வெந்நீர் அடுப்பை மூட்டியதும், அவளுக்கு உதவி செய்வதாக நினைத்து, நாங்கள் நால்வர் அவள் காலணியையும் கையுறையையும் அடுப்பு மேடையில் தீக்கு அருகே வைத்தோம். குளித்து முடித்து வந்து பார்த்தால், காலணியிலிருந்து ஆவி பறந்து கொண்டிருந்தது. "நன்றாகக் காய்கிறது" என்று மகிழ்ந்தோம்! ஏழு மணிக்கு எடுத்தபோது இடக்காலணியின் அடிப்பாகம் முன்பக்கத்தில் முதலை வாய்போல் பிளந்திருந்தது. கையுறையின் உள்ளங்கைத் தோல் சுட்ட அப்பளம் போல் விறைத்துப் போயிருந்தது. வேடிக்கை என்னவென்றால், காலணியின் உள்ளே விரலைவிட்டுப் பார்த்தால் நுனியில் இன்னும் ஈரம்!

சணல் கயிற்றால் காலணியைக் கட்டிக்கொண்டு அவள் விளையாடினாள். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கயிறு அறுந்தது, கால் வழுக்கியது, பந்து உள்ளே போயிற்று. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். பஸ்ஸில் திரும்பும்போது அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

தேயிலை சொன்ன பாடம்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் வரும் நாள். அவளுடைய தந்தையார் வந்தார். நாங்கள் நால்வரும் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் காலணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் வரப் போகிறது என்று நடுங்கிக் கொண்டிருந்தோம். அவரோ, "ஏம்மா, பாக்டரியில நாங்க கொழுந்த அடுப்புலயா போட்டு வாட்டறோம்? காத்துலதானே வாட்டறோம்!" என்றார்.

தேயிலை மணக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் விளக்கியதைச் சுருக்கமாக எழுதுகிறோம். பறித்து வரும் பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை நீர் இருக்கிறது. அதை முதலில் கம்பி வலையாலான அடிப்பாகம் கொண்ட நீண்ட தொட்டிகளில் பரப்புகிறார்கள். தொட்டியின் ஒரு முனையில் பெரிய விசிறி இருக்கும். அது அனுப்பும் காற்று, வலையின் கீழிருந்து கொழுந்தை ஊடுருவி மேலே போகும். ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் வரை இவ்வாறு வாட்டுவார்கள். மழைக் காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால், சிறிது வெப்பக் காற்றைக் கலந்துகொள்வார்கள். இளஞ்சூடுதான், அதற்கு மேல் இல்லை. உருட்டி, நிறம் மாறவிட்ட பிறகே உலர்த்தும் எந்திரத்தின் கடுஞ்சூடு. அங்கும் வெப்பம் அளவு மீறினால் மேற்புறம் முறுகி மூடிக்கொள்ளும்; உட்புறத்து ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

அடுப்பில் வைத்த எங்கள் காலணிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. நெருப்பைப் பார்த்த பக்கம் கருகியது. நெருப்பைப் பாராத விரல்நுனிப் பக்கம் ஈரமாகவே இருந்தது. மேலும், காலணித் தொழிற்சாலைகளில் பல வகைக் காலணிகளுக்குப் பசையைச் சூடாக்கி இளக்கித்தான் அடிப்பாகத்தை ஒட்டுகிறார்கள். அதே சூட்டை நாம் மீண்டும் கொடுத்தால், ஒட்டிய பசை இளகிப் பிரிவதில் வியப்பில்லை. தோலின் கதை வேறு. உலர்ந்த தோலைக் காட்டிலும் ஈரத்தோல் குறைந்த வெப்பத்திலேயே சுருங்கி விறைத்துவிடும். ஆக, ஈரமாக இருக்கும் நேரம்தான் காலணியை அடுப்பருகே வைக்கவே கூடாத நேரம்!

ஈரம் எப்படிப் போகிறது?

நீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்பதில்லை. எந்த வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருக்கிறது. இதனை ஆவியாதல் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இது விரைவாக நடைபெற மூன்று உதவிகள் வேண்டும்.

முதலாவது வெப்பம். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,450 ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் பொருளிலிருந்தும் நீர் எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி போட்டால் சூடு தணிவதும் இதனாலேயே. நெருப்பின் பெருவெப்பம் வேண்டியதில்லை. சுற்றிலும் உள்ள காற்றே மெல்ல மெல்ல இந்த வெப்பத்தைக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, காற்றில் இடம். ஒரு கன மீட்டர் காற்று 14 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 12 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று 20 டிகிரியில் ஏறத்தாழ 17 கிராம் தாங்கும். எனவே நிரம்பி வழியும் மழைக்காலக் காற்றை ஆறே டிகிரி சூடாக்கினாலும், கன மீட்டருக்கு ஐந்து கிராம் நீருக்குப் புதிதாக இடம் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது, காற்றின் ஓட்டம். இதுவே மிக முக்கியமானது. கொடியில் போட்ட சேலைக்கு இரு பக்கமும் காற்று படும். காலணியோ ஒரு சின்னக் கிணறு. அதன் அடியிலுள்ள காற்று சிறிது நேரத்தில் நீராவியால் நிரம்பிவிடுகிறது. அந்தக் காற்று வெளியேறிப் புதுக் காற்று உள்ளே போகாதவரை, வெளியே வெயிலே அடித்தாலும் உள்ளே காய்வது மிக மெதுவாகத்தான் நடக்கும். கையுறையின் விரல்களும் அப்படியே; ஒவ்வொரு விரலும் ஒரு கிணறு.

ஆகவே எங்களுக்கு வேண்டியது அடுப்பு அன்று. காலணியின் அடி வரை போய் ஊதும் ஒரு சிறு தென்றல்.

தேவையான பொருள்கள்

1. 80 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள பழைய மரப்பெட்டி ஒன்று.
2. பழுதாகி ஒதுக்கிவைத்த கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்த 12 வோல்ட் விசிறிகள் இரண்டு (12 செ.மீ. அளவு).
3. அவ்விசிறிகளுக்கு ஏற்ற 12 வோல்ட் அடாப்டர் ஒன்று.
4. 40 மி.மீ. பி.வி.சி. குழாய், 20 செ.மீ. நீளத் துண்டுகள் எட்டு.
5. 25 மி.மீ. குழாய், அதே நீளத் துண்டுகள் நான்கு (கையுறைகளுக்காக).
6. கொசு வலைக் கம்பி ஒரு துண்டு, தடித்த அட்டை ஒன்று, எம்-சீல்.

மரப்பெட்டி சாமான் அறையிலிருந்தும், விசிறிகள் கம்ப்யூட்டர் அறையிலிருந்தும் கிடைத்தன. குழாய்கள் குளியலறை வேலையில் மிஞ்சியவை. அடாப்டரும் எம்-சீலும் மட்டுமே கடையில் வாங்கினோம்.

செய்முறை

பெட்டியின் மேற்பலகையில் குழாய்கள் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளைகள் வேண்டும். இதைப் பள்ளித் தச்சர் அண்ணன் செய்து கொடுத்தார். துளைகளில் குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைத்தோம். பெட்டியின் ஒரு முனைப் பலகையில் இரு விசிறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, காற்று உள்நோக்கிப் போகும்படி வைத்தோம். வெளிப்புறத்தில் கொசு வலைக் கம்பியை அடித்தோம். விரலும் போகாது, எலியும் போகாது! மற்ற எல்லாப் பக்கங்களும் மூடியிருக்க வேண்டும். விசிறி தள்ளும் காற்றுக்குக் குழாய்களைத் தவிர வேறு வழி இருக்கக் கூடாது.

இனி, காலணியைத் தலைகீழாகக் குழாயின்மேல் கவிழ்த்தால் போதும். காற்று குழாய் வழியே காலணியின் உள்ளே போய், ஈரத்தைச் சுமந்துகொண்டு கணுக்கால் வாய் வழியே வெளியேறும்.

இரு விசிறிகளுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 6 வாட் மின்சாரமே செலவாகிறது. இரவு 12 மணி நேரம் ஓடினாலும், ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 14 இரவுகள் ஓட்டலாம். அப்பா அம்மாக்களும் விடுதிக் கணக்கைப் பார்க்கும் சிஸ்டரும் அஞ்ச வேண்டியதில்லை.

முதல் இரவின் தோல்விகள்

முதல் இரவு முடிந்து காலையில் ஓடிப் போய்ப் பார்த்தோம். ஒரு ஜோடி காய்ந்திருந்தது, மற்றவை அரைகுறை. காரணம் காண, காலணிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு மெல்லிய காகித நாடாவைப் பிடித்துப் பார்த்தோம். விசிறிக்கு அருகிலுள்ள குழாயில்தான் காற்று பலமாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம். நடந்ததோ நேர்மாறு! அங்கே நாடா இலேசாக அசைந்தது. கடைசிக் குழாயில் படபடத்தது. வேகமாக வரும் காற்று முதல் துளைகளைத் தாண்டி ஓடி, கடைசிச் சுவரில் முட்டி நின்ற பிறகே மேலே திரும்புகிறது என்று அறிவியல் மிஸ் விளக்கினார். விசிறிக்கு ஒரு சாண் தள்ளிப் பெட்டிக்குக் குறுக்கே, பென்சில் பருமனில் பல துளைகளிட்ட அட்டை ஒன்றை நிறுத்தினோம். ஓட்டத்தின் வேகம் அடங்கி, காற்று எல்லாக் குழாய்களுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கிட்டுக்கொண்டது.

இரண்டாம் குறை: காலணியின் உட்புறம் குழாயின் வாயில் ஒட்டி அதை அடைத்துக்கொண்டது. குழாய் நுனியைச் சாய்வாக அறுத்து, பக்கங்களில் நான்கு சிறு துளைகளும் இட்டோம். அக்குறை நீங்கியது.

மூன்றாம் குறை: காலணி இல்லாத வெறுங்குழாய் வழியாகவே காற்று எளிதில் போய்விடுகிறது. பயன்படாத குழாய்களைத் துணிப்பந்தால் அடைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டோம்.

எங்கே வைப்பது?

குளியலறைப் பக்கம் வைத்தால் ஈரக் காற்றையே ஈரக் காலணிக்குள் ஊதுவோம். ஆகவே வெந்நீர் அடுப்பின் சுவருக்கு மறுபக்கம் உள்ள விறகு அறையை விடுதி சிஸ்டர் கொடுத்தார்கள். வெளியே 14 டிகிரி இருந்த மாலையில், ஆய்வகத் தெர்மாமீட்டர் அந்த அறையில் 20 டிகிரி காட்டியது. தேயிலைத் தொழிற்சாலையில் இளஞ்சூட்டுக் காற்றைக் கலப்பது போலவே இதுவும். காலணியைக் கெடுத்த அதே அடுப்பு, இப்போது சுவருக்கு அப்பால் இருந்துகொண்டு காலணியைக் காக்கிறது. காற்று வெளியேற மேல் ஜன்னல் ஒன்று திறந்தே இருக்க வேண்டும். இல்லையேல் அறையே பெரியதொரு ஈரக் காலணியாகிவிடும்.

பலன்

ஒரே மழையில் நனைந்த, ஒரே மாதிரியான இரண்டு ஜோடி கேன்வாஸ் காலணிகளைச் சமையலறைத் தராசில் நிறுத்தோம். காய்ந்த நிலையில் ஒரு ஜோடி 640 கிராம். நனைந்த பின் 890 கிராம். ஆக, ஒரு குவளை அளவு, 250 கிராம் நீர்! செய்தித்தாள் மட்டும் அடைத்து வைத்த ஜோடி காலையில் 760 கிராம் இருந்தது. எங்கள் பெட்டியின்மேல் இருந்த ஜோடி 655 கிராம். கையால் தொட்டால் ஈரமே தெரியவில்லை. கையுறைகளுக்கு மட்டும் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. விரல்நுனிகள்தாம் கடைசியாகக் காய்கின்றன.

செய்தித்தாளைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். தேங்கிய நீரை உறிஞ்சி எடுப்பதில் அது கெட்டிக்காரி. ஆகவே எங்கள் முறை இதுதான்: சேற்றைக் கழுவுதல், நாடாவைத் தளர்த்தி, உள்ளட்டையை வெளியே எடுத்தல், ஒரு மணி நேரம் செய்தித்தாள் அடைத்தல், பிறகு இரவு முழுவதும் பெட்டியின்மேல் கவிழ்த்தல். மழையில் கரண்ட் போய்விட்டால், செய்தித்தாளை இரண்டு மூன்று முறை மாற்றுவதே வழி.

வீட்டில் செய்ய விரும்பும் தங்கைகளுக்கு ஓர் எச்சரிக்கை. அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவர் மின்சாரத்தில் ஓடும் விசிறியையோ பல்பையோ நீங்களாகப் பெட்டிக்குள் பொருத்தாதீர்கள். அடாப்டர் தண்ணீர் சொட்டாத உயரத்தில், சுவரில் இருக்கட்டும். ஈரக் கையால் அதைத் தொடவே வேண்டாம். எங்கள் இணைப்புகளை எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்துச் சரி சொன்ன பிறகே சுவிட்சைப் போட்டோம். ஒரு விசிறியும், ஓர் அட்டைப்பெட்டியும், இரண்டு குழாய்த் துண்டுகளும் இருந்தால், ஒரு ஜோடிக்குப் போதுமான சிறு பெட்டி செய்துவிடலாம். தம்பியின் கிரிக்கெட் கையுறைக்கும் அப்பாவின் மழைக்கால பூட்ஸுக்கும் அது உதவும்.

முடிவாக

பிளந்த காலணியை எறிந்துவிடவில்லை. கடைத்தெருவில் காலணி தைப்பவரிடம் கொண்டு போனோம். அவர் புதிதாகப் பசை தடவி, சுற்றிலும் கெட்டி நூலால் தைத்துக் கொடுத்தார். கூலியை நாங்கள் நால்வரும் எங்கள் கைச்செலவுப் பணத்திலிருந்து கொடுத்தோம். கோல்கீப்பரிடம் அதைக் கொடுத்தபோது, அவள் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "முன்னைவிட இப்பத்தான் கெட்டியா இருக்கு" என்றாள். தோற்ற நாளுக்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியது அதுவே முதல் முறை.

இப்போது மழை நாள் மாலைகளில் பெட்டியின் முதல் இரு குழாய்கள் யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை. தைத்த காலணி அங்கே போய் உட்கார்ந்த பிறகே மற்றவர்கள் தங்கள் காலணிகளைக் கொண்டு வருகிறார்கள். இரவில் படுக்கப் போகும்போது விறகு அறையிலிருந்து விசிறியின் மெல்லிய ஓசை கேட்கும். நெருப்பு இரண்டு மணி நேரத்தில் செய்வதாகச் சொல்லிக் கெடுத்த காரியத்தை, காற்று பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு பதறாமல் செய்து முடிக்கிறது.

இடம் கொடுத்த சிஸ்டருக்கும், காரணம் விளக்கிய அறிவியல் மிஸ்ஸுக்கும், துளையிட்டுக் கொடுத்த தச்சர் அண்ணனுக்கும், எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக, கோபப்பட வேண்டிய நேரத்தில் எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அந்தத் தந்தையாருக்கும் எங்கள் நன்றி.